பிளாக் பட்டனை அழுத்துவதற்கு முன்: இணையத்தில் உங்கள் பிள்ளையைக் குறிவைத்தால் எந்த வரிசையில் என்ன செய்வது

இரவு 11.40 மணி. போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போன என் மகன் அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. அவனுக்கு அப்போது வயது 14. கதவைத் தட்டி, திறக்க வைத்து, போனை வாங்கிப் பார்த்தேன். ஓட்டப்பந்தயத்தில் விழுந்து அவன் அழுத முகத்தை மட்டும் ஒரு போட்டோவிலிருந்து வெட்டி ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். மூன்று வாரமாக வகுப்புக் குழுவில் அவன் எதை எழுதினாலும், வீட்டுப்பாடம் என்ன என்று கேட்டால்கூட, பதிலுக்கு அந்த ஸ்டிக்கர்தான் வரிசை கட்டி வந்திருக்கிறது.

அன்றிரவு நான் செய்தது அத்தனையும் தலைகீழ். போனைப் பிடுங்கினேன். பதினோரு பையன்களை பிளாக் செய்தேன். குழுவிலிருந்து விலகி, உரையாடலையே அழித்தேன். அந்த நேரத்தில் ஒரு பையனின் அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். மறுநாள் பள்ளியில் கேட்ட முதல் கேள்வி, "ஆதாரம் ஏதாவது வச்சிருக்கீங்களா?" கையில் ஒன்றுமில்லை. அன்று மாலைக்குள் புது ஸ்டிக்கர் ஒன்று சுற்றத் தொடங்கியது. இந்த முறை என்னுடைய புரொஃபைல் போட்டோ.

எல்லாம் ஓய ஐந்து வாரமானது. சரியான வரிசையில் செய்திருந்தால் அதில் பாதி நாட்களிலேயே முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வரிசைதான் கீழே இருக்கிறது.

1. முதல் அரை மணி நேரம்: போனைப் பிடுங்காதீர்கள்

பிள்ளைகள் இதை வீட்டில் சொல்லாமல் மறைக்கப் பெரிய காரணமே, சொன்னால் போன் போய்விடும் என்ற பயம்தான். அடிப்பது யாரோ, தண்டனை மட்டும் தனக்கா என்று அவர்களுக்குத் தோன்றும். அதனால் முதலில் சொல்ல வேண்டியது: "போன் உன்கிட்டயே இருக்கட்டும். என்ன நடந்துச்சுன்னு காட்டு. உன்னைக் கேக்காம நான் யாருக்கும் போன் போட மாட்டேன்." கடைசி வாக்கியத்தைக் காப்பாற்றவும் வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்குறுதி செல்லாது. அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

"நீ ஏன் அதுக்குப் பதில் போட்ட?", "இதுக்கெல்லாம் அழுவியா?" இரண்டும் வேண்டாம். "கண்டுக்காம விடு" என்பதும் வேண்டாம். முப்பது பேர் பார்க்கும் இடத்தில் நடப்பதை எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது?

இது விளையாட்டுக் கலாய்ப்பா, வதையா என்று குழம்பினால் ஒன்றைப் பாருங்கள். "நிறுத்துங்கடா" என்று அவன் எங்காவது எழுதியிருக்கிறானா? அதற்குப் பிறகு நின்றதா, கூடியதா? என் மகன் மூன்று முறை எழுதியிருந்தான்.

2. அன்றே கேட்க வேண்டிய ஒரு கேள்வி

சாப்பாடு, தூக்கம் தலைகீழாகிவிட்டதா? பிடித்த பொருட்களைத் தூக்கிக் கொடுக்கிறானா? "நான் இல்லாட்டி யாருக்கும் நஷ்டமில்ல" என்பது போலப் பேசுகிறாளா? உடம்பில் காயங்களை மறைக்கிற மாதிரி இருக்கிறதா? இருந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பிள்ளையைப் பேச வைக்கும்.

ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், கூரான பொருட்கள் போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். அன்றே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைக்கோ போங்கள். உங்கள் பகுதியின் குழந்தைகள் உதவி எண்ணை இப்போதே உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் சேமித்துவிடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

3. 24 மணி நேரத்துக்குள்: ஆதாரம்

நான் கோட்டைவிட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிளாக், ரிப்போர்ட், குழுவிலிருந்து விலகுவது, மற்ற பெற்றோரிடம் பேசுவது எல்லாம் இந்தப் படி முடிந்த பிறகுதான். எதிர்த்தரப்புக்கு விஷயம் தெரிந்த நிமிடமே அழிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

எது எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரிந்தால் எதை முதலில் எடுப்பது என்று புரியும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஸ்னாப்சாட் செய்திகள் பார்த்ததுமோ 24 மணி நேரத்திலோ போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான நேரம் வரை எல்லோருக்கும் சேர்த்து அழிக்க முடியும். இன்ஸ்டாகிராமில் அனுப்பிய செய்தியை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஸ்டோரியும் ஸ்னாப்பும் முதலில், குழு உரையாடல் அடுத்து, கமெண்டுகள் கடைசியில்.

ஸ்க்ரீன்ஷாட்டில் வெறும் திட்டு மட்டும் இருந்தால் போதாது. அனுப்பியவர் பெயர், தேதி, நேரம், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மூன்று செய்திகள் எல்லாம் தெரிய வேண்டும். குழுவின் உறுப்பினர் பட்டியலையும் எடுங்கள். அவர்கள் புனைபெயரில் இருந்தால் பெயரைத் தட்டி எண் தெரியும் பக்கத்தையும் எடுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் ஸ்னாப்சாட் அதை எதிராளிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு இன்னொரு போனின் கேமராவால் திரையைப் படமெடுப்பதுதான் வழி.

இன்ஸ்டாகிராமில் பயனர் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு ஏமாறாதீர்கள், அதை நொடியில் மாற்றிவிடலாம். புரொஃபைல் இணைப்பு, பதிவின் இணைப்பு இரண்டையும் நகலெடுத்து வையுங்கள். பல கணக்குகளில் "அபவுட் திஸ் அக்கவுண்ட்" என்ற இடத்தில் கணக்கு தொடங்கிய மாதம் தெரியும். போலிக் கணக்கு என்று நிரூபிக்க அது உதவும்.

வாட்ஸ்அப்பில் "எக்ஸ்போர்ட் சாட்" கொடுத்தால் முழு உரையாடலும் எழுத்துக் கோப்பாக உங்கள் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். உரையாடலை வெளியே எடுப்பதைத் தடுக்கும் "அட்வான்ஸ்டு சாட் பிரைவசி" அந்தக் குழுவில் போடப்பட்டிருந்தால் எக்ஸ்போர்ட் ஆகாது. அப்போது பொறுமையாக ஸ்க்ரீன்ஷாட்தான். பிள்ளையைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டாலும் பழைய செய்திகள் அவன் போனில் இருக்கும், அழிக்காதவரை.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு, மிக முக்கியமானது. 18 வயதுக்குக் கீழ் உள்ள யாருடைய நிர்வாணப் படமோ பாலியல் படமோ இருந்தால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், "ஆதாரத்துக்காக" பள்ளிக்கும் அனுப்பாதீர்கள். பல நாடுகளில் வைத்திருப்பதும் அனுப்புவதுமே குற்றம், நோக்கம் எதுவானாலும். இணைப்பு, கணக்கின் பெயர், நேரம் மட்டும் குறித்துக்கொண்டு ஏழாம் படிக்குப் போங்கள்.

எல்லாவற்றையும் ஒரு சாதாரண நோட்டில் எழுதுங்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி: தேதி, நேரம், எந்தச் செயலி, யார், என்ன, யார் பார்த்தார்கள், ஸ்க்ரீன்ஷாட் எண். இரண்டாவது சுற்றில், வேறொரு பையனின் போனில் மிஞ்சியிருந்த அதே குழு உரையாடலை வைத்து நான் அப்படி எழுதியபோது ஸ்டிக்கர் 43 முறை வந்திருந்தது தெரிந்தது. "ரொம்ப கலாய்க்கிறாங்க" என்று சொன்னபோது அசையாத பள்ளி அந்த எண்ணைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிள்ளையை உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லாதீர்கள். எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு அவன் எழுந்து போகட்டும். சேகரிப்பது நம் வேலை.

4. இப்போது பிளாக். ஆனால் எல்லோரையும் அல்ல

முன்பின் தெரியாத கணக்கு என்றால் யோசிக்காமல் பிளாக் செய்யுங்கள். தினமும் பக்கத்து பெஞ்சில் உட்காரும் பையன் என்றால் பிளாக் அவனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும், மறுநாள் அதுவே ஒரு கேலிக்குப் பொருளாகிவிடும். அதற்குத்தான் இன்ஸ்டாகிராமில் "ரெஸ்ட்ரிக்ட்" இருக்கிறது. ரெஸ்ட்ரிக்ட் செய்தால் அவன் போடும் கமெண்ட் அவனுக்கு மட்டும் தெரியும், அனுப்பும் செய்தி ரிக்வெஸ்ட் பெட்டிக்குள் போய்விடும், நாம் படித்தோமா என்பதும் தெரியாது. யாருமில்லாத அறையில் அவன் கத்திக்கொண்டிருப்பான், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குழுவில் பாடம் சம்பந்தமான செய்திகளும் வரும் என்றால் மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடலாம். விலகினாலும் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். புதுக் குழுவில் மறுபடி இழுத்துப் போடாமலிருக்க, பிரைவசி பகுதியில் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதை "மை காண்டாக்ட்ஸ்" என்று மாற்றுங்கள். தொல்லை தருபவனின் எண்ணே காண்டாக்ட்டில் இருந்தால் அவனை மட்டும் விலக்கவும் அங்கேயே வழி உண்டு.

எதைச் செய்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பதினோரு பேரை நான் பிளாக் செய்ததில் இரண்டு பேர் அவன் பக்கம் நின்றவர்கள்.

5. ரிப்போர்ட்

இதற்குக் கட்டணம் எதுவுமில்லை. யார் புகார் கொடுத்தது என்பதும் எதிராளிக்குத் தெரியாது. ஆனால் நான்கு இடங்களில் சறுக்கும்.

வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் கொடுக்கும்போது "பிளாக் செய்து உரையாடலை அழி" என்ற பொருளில் ஒரு டிக் வரும். அதை எடுத்துவிட்டு அனுப்புங்கள். கடைசி ஐந்து செய்திகள் மட்டுமே நிறுவனத்துக்குப் போகும் என்பதால், தொல்லைச் செய்தி வந்த சூட்டோடு ரிப்போர்ட் செய்வது நல்லது.

இரண்டாவது, வகை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் நடக்காது. வதை, ஆள்மாறாட்டம், மிரட்டல் என்று பொருந்தும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளையின் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு என்றால் ஆள்மாறாட்டப் படிவம் தனியாக இருக்கிறது, அடையாள ஆவணத்தின் படம் கேட்பார்கள். பிள்ளையின் அடையாள ஆவணம், உங்களுடையது, உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் தெளிவாகப் படமெடுத்துத் தயாராக வையுங்கள். மங்கலான படத்தால் எங்கள் புகார் ஒன்று திரும்பி வந்து நான்கு நாள் போனது.

மூன்றாவது, உறவினர் எல்லோரையும் கூப்பிட்டு "எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க" என்பது. எத்தனை பேர் அடித்தார்கள் என்பதை வைத்து நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. மாறாக, இருபது உறவினருக்கு நீங்களே அந்தப் பதிவைக் காட்டியதுதான் மிச்சம்.

நான்காவது, வயது. பெரும்பாலான செயலிகளில் குறைந்தபட்ச வயது 13. பொய் வயது கொடுத்துத் தொடங்கியிருந்தால் புகார் விசாரணையில் பிள்ளையின் கணக்கும் போகலாம். ஆகவே ஆதாரம் முழுவதும் வெளியே எடுத்த பிறகே படிவத்தை நிரப்புங்கள்.

மறுப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள், மறுபரிசீலனை கேட்கும் பட்டன் இருக்கும். எங்களுக்கு முதல் புகார் இயந்திரத்தனமாக மறுக்கப்பட்டு, மறுபரிசீலனையில்தான் நீங்கியது. பிள்ளையின் படம் கூகுள் தேடலில் வருகிறதென்றால், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் படத்தை நீக்கக் கேட்கும் படிவம் கூகுளில் இருக்கிறது, பெற்றோரும் நிரப்பலாம். தேடலிலிருந்து போகுமே தவிர, மூலப் பக்கத்தில் படம் இருக்கும். அந்தத் தளத்துக்குத் தனியாக எழுத வேண்டும்.

6. பள்ளிக்கு: வாயால் அல்ல, எழுத்தால்

முதல் முறை போய் அழுதுவிட்டு வந்தேன். "நாங்க பாத்துக்கிறோம்மா" என்றார்கள். பத்து நாள் ஆயிற்று, யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் முறை ஒரு பக்கக் கடிதம், மின்னஞ்சலிலும் கையிலும். கையில் கொடுத்ததன் நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்கினேன். கடிதத்தின் சாரம் இது:

"என் மகன் உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். கடந்த மூன்று வாரங்களில் சக மாணவர்கள் சிலர் அவன் படத்தை ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் 43 முறை பகிர்ந்துள்ளனர். நிறுத்தச் சொல்லி அவன் மூன்று முறை எழுதியுள்ளான். விவரப் பட்டியலும் படங்களும் இணைப்பில் உள்ளன. இதைக் கவனிக்கப் பொறுப்பான ஆசிரியர் ஒருவரின் பெயரையும், எடுக்கவிருக்கும் நடவடிக்கையையும் ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"பள்ளிக்கு வெளியே, போனில் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்வது?" என்பார்கள். இரவில் போனில் நடந்தது காலையில் வகுப்பறையில் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடரும். எங்கள் விஷயத்தில் அவன் எழுந்து பதில் சொல்லும்போதெல்லாம் பின்பெஞ்சில் மூக்கை உறிஞ்சி அழுவது போல் நடிப்பார்கள். அதையும் தேதியோடு பட்டியலில் சேர்த்தேன்.

"ரெண்டு பேரையும் உக்கார வச்சு கை குலுக்க வைப்போம்" என்ற யோசனைக்குச் சட்டென்று தலையாட்டாதீர்கள். இரண்டு நண்பர்கள் சண்டை போட்டால் அது சரி. பலர் சேர்ந்து ஒருவனை அடித்திருக்கும்போது, அடி வாங்கியவனை அவர்கள் முன்னால் உட்கார வைப்பது இன்னொரு அடி. அவர்களிடம் தனித்தனியாகப் பேசச் சொல்லுங்கள். இருக்கை மாற்றம் வேண்டுமென்றால் மாற வேண்டியது உங்கள் பிள்ளை அல்ல என்பதையும் சொல்லுங்கள். மறுபடி சந்திக்கும் தேதி குறிக்காமல் எழுந்து வராதீர்கள். இரண்டு வாரம் சரியான இடைவெளி.

மற்ற பெற்றோருடன் நேரடியாகப் பேசுவதை முடிந்தவரை பள்ளி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பேசியே ஆக வேண்டுமென்றால் பகலில், நேரில், கையில் ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோடு. இரவு 12 மணிக்குப் போனில் வேண்டாம். சொல்வது அனுபவஸ்தி.

7. மிரட்டல், பணம், அந்தரங்கப் படம்: இது வேறு பாதை

அடிப்பேன், கொல்வேன் என்ற மிரட்டல், வீட்டு முகவரியை வெளியிடுவது, பின்தொடர்வது, படத்தை வைத்துப் பணமோ இன்னொரு படமோ கேட்பது. இவற்றுக்குப் பள்ளிக் கடிதமெல்லாம் இல்லை, நேராகக் காவல்துறை. பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நிற்காது, கறக்க முடிகிற இடம் என்று தெரிந்து அடுத்த தொகை கேட்பார்கள். பதில் எழுதுவதை நிறுத்துங்கள், கணக்கை மட்டும் அழிக்காதீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை: உங்கள் அடையாள ஆவணம், பிள்ளையின் வயதுச் சான்று, அந்த நோட்டு, ஸ்க்ரீன்ஷாட்டுகளின் அச்சுப் பிரதி, கணக்குகளின் இணைப்புகள், பிறகு அந்தப் போன். போனை ரீசெட் செய்வதோ விற்பதோ கூடாது. புகார் எண் இல்லாமல் திரும்பாதீர்கள். தாமதிக்கவும் கூடாது. காவல்துறை கேட்டால் மெட்டா (இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் நடத்துவது) போன்ற நிறுவனம் கணக்கின் பதிவுகளை 90 நாட்களுக்கு அழியாமல் எடுத்துவைக்கும். நாம் கேட்டால் வைக்காது.

18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவின் காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது, எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. படம் பிள்ளையின் போனைவிட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் போகும். அந்த எண்ணை வைத்து, சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைத் தேடி நீக்கும். வெட்டியோ நிறம் மாற்றியோ சுற்றினால் அந்த எண் மாறிவிடும், அதனால் கையிலுள்ள ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிறபடி முழுமையாகக் குறியாக்கம் செய்யப்பட்ட தனிச் செய்திகளுக்குள் இது எட்டாது. 18 தாண்டியபின் எடுத்த படத்துக்கு "ஸ்டாப் என்சிஐஐ" (StopNCII) என்ற சேவை இதே முறையில் வேலை செய்கிறது.

8. செலவு

ரிப்போர்ட், படம் நீக்கும் சேவைகள் எல்லாம் இலவசம். எங்களுக்கு ஆனது பிரிண்ட் எடுத்த காசும், மனநல ஆலோசகர் கட்டணமும்தான். ஆலோசகரைப் பள்ளியிலோ அரசு மருத்துவமனையிலோ இலவசமாகப் பார்க்க வழி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வெளியே போனால், ஒரு அமர்வு எவ்வளவு, எத்தனை அமர்வு, பதின்வயதினருடன் பழக்கம் உண்டா, பிள்ளை சொல்வதில் எதை உங்களிடம் சொல்வார் என்ற நான்கையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். "அக்கவுண்டை 24 மணி நேரத்தில் தூக்கித் தருகிறோம்" என்று காசு கேட்பவர்கள் கண்ணில் படுவார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள், பிள்ளையின் பாஸ்வேர்டையும்தான்.

9. வதை இல்லை, நெருக்கடி மட்டும் என்றால்

இதற்குப் புகார்ப் படிவம் கிடையாது. ஸ்னாப்சாட்டில் தினமும் விடாமல் படம் அனுப்பிச் சேர்த்த நாள் கணக்கான ஸ்ட்ரீக் அறுந்துவிடும் என்று காய்ச்சலிலும் ஸ்னாப் அனுப்புவது, நள்ளிரவில் பதில் போடாவிட்டால் "சீன் போடுறா" என்பது, பாஸ்வேர்ட் கொடுத்தால்தான் உயிர்த்தோழி, தன்னைத் தவிர எல்லோரும் இருக்கும் இன்னொரு குழு.

எங்கள் வீட்டில் பலித்தது இரண்டு. ஒன்று, பழியை என் மேல் போட அவனுக்கு முழு உரிமை. "எங்கம்மா பத்து மணிக்கு போனை வாங்கி வச்சுடுவாங்கடா, ஒரே டார்ச்சர்." உண்மையில் அவனே பத்து மணிக்குக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிடுவான். வில்லி வேஷம் எனக்குக் கஷ்டமாக இல்லை. இரண்டு, ஒரு சங்கேதம். எங்காவது மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவித்தால் "சார்ஜர் எங்க?" என்று எனக்கு அனுப்புவான். நான் உடனே போன் போட்டு, "இப்பவே வீட்டுக்கு வா" என்று ஸ்பீக்கரில் கேட்கிற மாதிரி கத்துவேன். வீட்டுக்கு வந்த பிறகு கேள்வி கேட்பதில்லை, அதுதான் ஒப்பந்தம். இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறது.

10. உங்கள் பிள்ளையின் கைவேலையும் அதில் இருந்தால்

நோட்டு எழுத குழுவின் பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனபோது, மூன்று மாதத்துக்கு முன் இன்னொரு பையனின் ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. கீழே சிரிப்பு இமோஜிகள். அதில் இரண்டு என் மகனுடையவை. ஒருமுறை அந்த ஸ்டிக்கரை அவனே போட்டுமிருக்கிறான்.

அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். செய்யாதீர்கள், எதிர்த்தரப்பு எப்படியும் அதைக் கொண்டுவரும். நீங்களே முதலில் கொடுத்துவிடுங்கள். பிள்ளையிடம் தனியாகக் காட்டி, "இது என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மன்னிப்பு குழுவில் எல்லோர் முன்னும் வேண்டாம், அந்தப் பையனிடம் நேரில் போதும். என் மகன் அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். அவன் போனில் சேமித்திருந்த அந்த ஸ்டிக்கரையும் அவன் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள். அந்தப் பையன் வீட்டிலிருந்து புகார் ஏற்கெனவே வந்திருந்தால் மட்டும், அழிக்கும் முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட்.